ஜனவரி ஒன்று

இரவு பதினொன்றரை. பெல்லந்தூர், ஏழாவது மாடி.
ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டு
யாரோ வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.
பீன்யா ஆலையின் சம்பள ஓட்டம்
தொண்ணூற்றொரு சதவீதத்தில் நிற்கிறது.
‘ஊழியர் 40718: பதிவு இல்லை.’

போன மாதம் வரை இதையே
மஞ்சளில் சொன்னது மென்பொருள்,
சொல்லிவிட்டுத் தாண்டிப் போனது.
ஞாயிற்றுக்கிழமை பதிப்பு மாற்றினோம்.
இப்போது சிவப்பு. தாண்டாது.
ஆயிரத்து நானூறு பேர்
ஓர் எண்ணின் பின்னால் வரிசையில்.

எல்லாரும் செய்வதைத்தான் முதலில் செய்தேன்:
மறுபடி ஓட்டினேன்.
அதே இடம், அதே சிவப்பு.
எண்ணுக்கு முன்னால் சுழியம் விட்டுப்போனதா,
பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டதா,
சோதனைச் சர்வரில் உட்கார்ந்துகொண்டு
நிஜத்தைத் தேடுகிறேனா
(அப்படியும் ஓர் இரவு போயிருக்கிறது)
எதுவும் இல்லை.

ஆள் இல்லை.
ஆளுடையது எல்லாம் இருக்கிறது.
வருகை எழுபத்தெட்டு நாள்.
ஓவர்டைம் முப்பத்தொரு மணி.
கேன்டீன் பிடித்தம்.
பாதுகாப்பு ஷூ, ஒன்பதாம் நம்பர், ஒரு ஜோடி.
முன்பணம் கேட்ட விண்ணப்பம் ஒன்று, நிராகரிப்பு,
காரணம்: ஊழியரைக் காணவில்லை.

தாய்ப்பதிவு போனபின் மிஞ்சும் வரிகளுக்கு
எங்கள் பாடத்தில் அநாதை என்று பெயர்.
தாயை நீக்கினால் பிள்ளைகளையும் நீக்கு
என்றொரு விதி உண்டு.
யாரோ அதைப் போட மறந்திருந்தார்கள்.
அந்தச் சோம்பேறி நன்றாயிருக்கட்டும்.

ஷைலஜாவும் தூங்கவில்லை. முதல் மணியிலேயே எடுத்தார்.
‘ஹொன்னூரப்பாதானே? பவுடர் கோட்டிங்.
கேட் மெஷின் தினமும் அவன் கட்டைவிரலுக்கு
தேங்க் யூ சொல்லுதே.
மூணு மாசமா என் ஜன்னலுக்கு வர்றான்.
சர்வர் ப்ராப்ளம்னு சொல்லி அனுப்பறேன்.
சர்வருக்கு இன்னும் சரியாகலையா மேடம்னு கேக்கறான்,
ஜுரத்தை விசாரிக்கிற மாதிரி.’

ஹொன்னூரப்பா என் திரையில் இருக்கிறாரே, 38225?
‘அவர் பேக்கிங், சண்டூர்க்காரர்.
இவன் சிருகுப்பா. இவன் வேற.’

38225ஐத் திறந்தேன்.
தந்தை பெயர்: காலி.
பிறந்த தேதி: ஜனவரி ஒன்று, எண்பத்தைந்து.
தேதி தெரியாதவர்கள் எல்லாரும்
அந்த ஆலையில் ஒரே நாளில் பிறந்திருக்கிறார்கள்.
எண்ணிப் பார்த்தேன். இருநூற்றுப் பதினாறு.

மே மாதம் ‘இரட்டைப் பதிவு நீக்கம்’ என்றொரு வேலை நடந்தது.
பெயர் ஒன்று, பிறந்தநாள் ஒன்று என்றால் ஆளும் ஒன்று.
எக்செல் கோப்பில் அறுநூற்றுப் பதினொரு வரி.
ஒப்புதல் கட்டத்தில்
என் இனிஷியலும் பெயரும்.
நாற்பதாவது வரி வரை பார்த்த ஞாபகம்.
அன்று வெள்ளிக்கிழமை,
சில்க் போர்டில் ஒன்பதரைக்கு சேலம் பஸ்.

ஷைலஜாவிடம் இதைச் சொல்ல வாய் எடுத்தேன்.
‘சர்வர்தானே?’ என்றார்.
ம் என்றேன்.

பேக்கப்பிலிருந்து அந்த ஒரு வரியை மட்டும் எடுத்தேன்.
பழைய எண் தர முடியாது, 52903 தருகிறேன் என்றது.
எழுபத்தெட்டு நாளும் ஒரு ஜோடி ஷூவும்
40718ஐத் தேடிக்கொண்டிருக்கின்றன,
அதையே கொடு என்று பூட்டைத் திறந்து எழுதினேன்.
எழுதிக்கொண்டது.
பணியில் சேர்ந்தது: பதினோரு வருஷம் முன்னால்.
பதிவு உருவானது: இன்று, 1:52.
உருவாக்கியவர்: நான்.

ஓட்டினேன்.
தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்று மூன்று.
காபி மெஷினில் பால் தீர்ந்திருந்தது.
திரும்பி வந்தபோது தொண்ணூற்று நான்கில் சிவப்பு.

‘ஊழியர் 41133: பதிவு இல்லை.’

இம்முறை மறுபடி ஓட்டிப் பார்க்கவில்லை.
எக்செலைத் திறந்து
நாற்பத்தோராவது வரியிலிருந்து
படிக்க ஆரம்பித்தேன்.