நாலு அங்குலம்

வீடு அவருக்கு, வண்டி எனக்கு.
நீதிமன்றத் தாளில் அது ஒரே வரி:
அறுபத்தேழாம் வருட மிட்ஜெட், பச்சை, இரண்டு இருக்கை,
ஓடும் நிலையில் இல்லை.
குன்னூர் வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்,
வீட்டுக்குப் பதில் இதையா?
ஆமாம் என்றேன். ஏன் என்று
அப்போது எனக்கே தெரியாது.

பதினாறு வருடம் அதன் இடப்பக்கம் உட்கார்ந்தவள்.
பர்லியார் வளைவுகளை அங்கிருந்துதான் மனப்பாடம் செய்தேன்:
பள்ளம், பாறை, பள்ளம், மங்குஸ்தான் கடை.
கியர் மாற்றும்போது மட்டும்
முழங்காலைக் கொஞ்சம் ஒதுக்கச் சொல்வார்.

அரவங்காட்டுத் தொழிற்சாலையில் வெல்டராயிருக்கும் ரெபெக்கா சொன்னாள்:
"பெயின்டைப் பாத்து மயங்காத.
அவன் முடிச்ச வண்டியில, கதவுக்குக் கீழ
காந்தத்தை வெச்சுப் பாரு.
தகடுன்னா பிடிக்கும். பட்டின்னா விழும்."
ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த அன்னாசிப்பழக் காந்தத்தைக்
கைப்பையில் போட்டுக்கொண்டு மலையிறங்கினேன்.

கோயம்புத்தூர். கண்ணாடிச் சுவர், ஏசி, காபி.
முடித்து நிறுத்திய வண்டிகளில்
முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்யலாம்.
"சார் வரலீங்களா?"
சார் வரவில்லை.
சிவப்பு வண்டியின் கதவுக்கடியில் அன்னாசியை வைத்தேன்.
டிக்கென்று தரையில் விழுந்தது.
ஒரு சாண் தள்ளி வைத்தேன். விழுந்தது.
"அது வேற கஸ்டமர் வண்டிங்க மேடம்" என்றார்.
அந்த வேற கஸ்டமரை நினைத்துக்கொண்டே
பாதிக் காபியில் எழுந்துவிட்டேன்.

ஊட்டி, ஃபிங்கர் போஸ்ட். மோசஸ் ஞானையா.
காந்தம் ஒட்டியது. வைத்த இடமெல்லாம் ஒட்டியது.
ஒவ்வொரு திருகும் அசல், கப்பலில் வரும்,
தொழிற்சாலையை விட்டு உருண்டுவந்த காலையில்
எப்படி இருந்ததோ
அப்படியே தருகிறேன் என்றார்.
பதினெட்டு மாதம். என் மூன்று வருடச் சம்பளம்.
கெட்டிக்காரர், பொய் சொல்லாதவர், எனக்குப் பிடித்துத்தான் போயிற்று.
ஆனால் வெளியே மூடுபனியில் பஸ்ஸுக்கு நிற்கையில்
வண்டிமேல் பொறாமை வந்தது.
திரும்பிப்போக அதற்கு ஒரு காலை இருக்கிறது.

மூன்றாவது, கட்டபெட்டு.
தேயிலை லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றும் தகரக் கொட்டகை.
பின்னால் இரண்டு காட்டெருமைகள் மேய்கின்றன,
யாரும் கண்டுகொள்ளவில்லை.
பெள்ளிராஜ், பார்க்காமல் தொகை சொல்ல மாட்டேன் என்று
ஞாயிற்றுக்கிழமை பைக்கில் என் ஷெட்டுக்கே வந்தார்.
மிட்ஜெட் இதற்குமுன் தொட்டிருக்கிறீர்களா?
"இல்லீங்க."
கணக்கு நோட்டில் எழுதினார்.
பிரேக்குக்கு எதிரே ஓர் எண். ஒயரிங்குக்கு ஓர் எண்.
தரைத் தகட்டுக்கு எதிரே:
தெரியாது, பிரிச்சாத்தான்.

பிறகு, "ஏறி உக்காருங்க" என்றார்.
பழக்கத்தில் இடப்பக்கம் போனேன்.
"அங்க இல்ல."

கிளட்ச்சுக்குக் கால் எட்டவில்லை.
அவருடைய கால் நீளத்தில்
இருக்கையின் தண்டவாளம் துருவேறி இறுகியிருந்தது.
பெள்ளிராஜ் எதுவும் கேட்கவில்லை.
டீசல் ஊற்றினார். பீடி ஒன்று முடியும்வரை காத்திருந்தார்.
மரச்சுத்தியலால் ஒரு தட்டு. மறுபக்கம் ஒன்று.
மறுபடி டீசல்.
என்னை எழுந்திருக்கச் சொல்லவே இல்லை.
பதினோராம் தட்டிலோ பன்னிரண்டிலோ
கழுதை மாதிரி ஒரு கத்தல் போட்டு
என்னையும் சேர்த்து முன்னால் நகர்ந்தது,
நாலு அங்குலம்.

மிதித்தேன். அடிவரை போயிற்று.
செத்த இன்ஜினை வைத்துக்கொண்டு
ஒன்று போட்டேன், இரண்டு போட்டேன்.
மூன்று விழவில்லை.
இதற்கு எவ்வளவு ஆகும்?
"அதையும் தெரியாதுன்னே எழுதிக்குங்க."
முன்பணம் கொடுத்தேன்.

இரவு ரெபெக்கா போன்:
"காந்தம் வெச்சுப் பாத்தியா?"
மறந்துவிட்டேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு, "தரைத் தகட்டை மட்டும் அந்த ஆள் தொடக்கூடாது,
நான் லீவு போட்டு வர்றேன்" என்றாள்.