மஞ்சள் புள்ளி

"உலக அதிசயம், மிஸ் பண்ணாதீங்க" என்று
மச்சான் இருதயராஜ் அனுப்பியிருக்கிறான்.
எத்தனை கை மாறி வந்ததோ,
ஓரங்கள் மழுங்கிய படம்.

வெள்ளையாய்க் கிடக்கிறது பாலை.
நடுவே மணலைப் பறித்துக்கொண்டு
ஆலங்கட்டி ஆறு.
கரையில் மூன்று ஒட்டகங்கள்,
அவற்றுக்கே நம்பிக்கையில்லை.

கீழே சண்டை.
போட்டோஷாப் என்கிறார் ஒருவர்.
ஏஐ வேலை, ஒட்டகத்தின் காலை எண்ணிப் பார்
என்கிறார் இன்னொருவர்.
கைகூப்பிய பொம்மைகள் அறுநூறு.

இரண்டு விரலால் அகட்டினேன்.
வலது மூலையில்
படம் கட்டம் கட்டமாய் உடைகிற இடத்தில்
ஒரு மஞ்சள் புள்ளி.

என் தண்ணி லாரி.

சக்காக்காவிலிருந்து அரார் போகும் சாலை.
முன்கண்ணாடி போனது அன்றுதான்.
குல்ஸமானும் நானும்
செருப்புக்கு மேல் குப்பூஸ் கவரை மாட்டிக்கொண்டு
சக்கரத்தடியில் தோண்டினோம்,
ரசம் கொண்டுபோன டப்பாவின் மூடியால்.
அவன் ஒரு கட்டியை வாயில் போட்டுக் கடித்து
"ஃப்ரிட்ஜ் நாத்தம்" என்றான்.
சிரித்ததில் பல் கிட்டியது இருவருக்கும்.
கண்ணாடிக்கு முந்நூற்று இருபது ரியால்,
இரண்டு மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள்.

"உங்க பக்கம்தானே, நெசமா மாப்ள?"
கேட்டுவிட்டுக் காத்திருக்கிறான்.
பச்சைப் புள்ளி எரிகிறது.

ஏசி குடோனில் சூப்பர்வைசர்.
ஊரில் எல்லோருக்கும்
ஆறு வருடமாய் நான் அதுதான்.

"ஃபேக், மச்சான்."

அனுப்பிவிட்டு
ஒட்டகக் கால்களை எண்ணினேன்.
பன்னிரண்டு.
சரியாகத்தான் இருந்தது.