முழுசாய் நிற்காமல்

கிரோப்னிக் ஓடுதளத்தில்
நேர்கோடு முடிகிற இடம்.
மிதித்தேன்.
பெடல் இறங்கிற்று,
இறங்கிக்கொண்டே இருந்தது.
சரளையில் போய்ப் புதைந்தது என் மஞ்சள் மெகான்.
முன்சக்கரம் இரண்டிலும் புகை,
முடி கருகும் வாடை.
கொடி பிடிக்கிற பையன் மூச்சிரைக்க ஓடிவந்து
அடிபட்டதா என்று கேட்கவில்லை.
"கம்பெனி பேடா?" என்றான்.

போஸ்டோய்னாவில் திராகோவின் கடை.
மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார்.
ஒன்று தெருவுக்கு.
ஒன்று தெருவுக்கும் தளத்துக்கும் நடுவில்.
மூன்றாவது
இருநூறு டிகிரிக்குக் கீழே கண் திறக்காது,
எழுநூறு தாண்டினாலும் கண் சொக்காது.

"வருஷத்துக்கு எத்தனை நாள் ஓடுதளம், பிரினா?"
"நாலு."
"மிச்ச நாள்?"
மிச்ச நாள், வேலை. ரொட்டிக்கடை.
நீச்சல் வகுப்பு முடிந்து வரும் மகளுக்காகக்
காத்திருக்கும் நோ பார்க்கிங்.
திராகோ பேசாமல் நடுப்பெட்டியை
ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார்.

சூடு கண்ட பூனை நான்.
மூன்றாவதை எடுத்தேன்.
மேலும், நான் பல் கட்டுகிறவள்.
கடியைப் பற்றி
எனக்கா சொல்லித்தர வேண்டும்?

இத்ரியா, அடுக்ககத்துக் கீழ்த்தளம், பதினாலாம் எண் ஷெட்.
ஸ்டாண்டில் வண்டி, முழங்காலுக்கடியில் பழைய தலையணை.
பின்களைத் தட்டினேன்; இரண்டாவது அடம்பிடித்தது.
வெளியே வந்த பேடில் மூன்று மில்லிமீட்டர் மிச்சம்,
ஓரமெல்லாம் உதிர்ந்த பிஸ்கட்.
பிஸ்டனைப் பின்னால் தள்ளத் தள்ள
மேலே குடுவையில் திரவம் பொங்கும்.
இது தெரியாமல் போனமுறை
பெயின்ட் உரிந்தது;
இம்முறை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்தேன்.
புதுப் பேடின் முனைகளை
லேபில் கடைவாய்ப்பல் தேய்க்கிற அதே சாணையில்
இரவல் மாஸ்க் போட்டுச் சரித்தேன்.
முதலாளி கிர்ஸ்னிக்குக்குத் தெரிய வேண்டாம்.

எல்லாம் பூட்டி, சாவி திருப்பும் முன்
பெடலை மிதிக்க வேண்டும்.
முதல் மிதி வெறும் காற்று.
இரண்டாவது, சேறு.
மூன்றாவதில்தான் காலுக்கு எதிரே
ஒரு கால் முளைக்கும்.

பிறகு பழக்குதல்.
இரவு பதினொன்று, கோடோவிச் போகும் சாலை.
நூறிலிருந்து இருபது. மறுபடி நூறு. மறுபடி இருபது.
பத்து முறை.
நிற்க மட்டும் கூடாது.
சூட்டோடு அழுத்தி நின்றால்
பேட் தன் முகத்தை டிஸ்க்கில் அச்சடித்துவிடும்,
பிறகு ஒவ்வொரு பிரேக்குக்கும் ஸ்டியரிங் விக்கும்.
நிற்கக் கற்பதற்கு
முழுசாய் நிற்காமல் பத்து முறை.
எட்டாவதில் ஒரு பால்லாரிக்காரர்
பொறுமை இழந்து விளக்கடித்தார்.

செவ்வாய்க்கிழமை. மைனஸ் நாலு.
ஷெட்டிலிருந்து தெருவுக்கு இறங்கும் சரிவு,
நடைவேகம்தான்.
மிதித்தேன்.
கல்லை மிதித்த மாதிரி பெடல்;
வண்டி தன்பாட்டுக்கு உருண்டு போய்
லோய்ஸேயின் பச்சைக் குப்பைத்தொட்டியை
மெதுவாக, மரியாதையாக,
படுக்க வைத்தது.
பாட்டில்கள் ஆற்றுப்பக்கம் உருண்டன.
ஒன்றல்ல, இரண்டல்ல;
மருந்துக்கும் குடிப்பதில்லை என்பவர்
செருப்போடு வந்து நின்றார்.
"பிரேக் இல்லையா உன் வண்டியில்?"
"இருக்கிறது. இன்னும் எழுந்திருக்கவில்லை."
இருவரும் குனிந்து பொறுக்கினோம்.
எத்தனை என்று நான் எண்ணவில்லை,
எவ்வளவு பணம் என்று அவர் கேட்கவில்லை.

சனிக்கிழமை திராகோ ஒன்றும் சொல்லவில்லை,
தள்ளுபடியும் தரவில்லை.
மூன்றாவது பெட்டிக்காரர்கள் இப்போது
பிஸ்கட் டின்னுக்குள் தூங்குகிறார்கள்.
மேலே பென்சிலில் எழுதியிருக்கிறேன்: ஜூன்.
மாற்ற இப்போது நாற்பது நிமிஷம்,
அந்த இரண்டாவது பின் நல்ல மனநிலையில் இருந்தால்.

இன்று காலை ரொட்டிக்கடை வாசல்.
மிதித்தேன், நின்றது.
கிறீச்சென்று ஒரு சத்தம்கூட இல்லை,
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.