இழு, பிடி, விடு

பத்து வாக்கியம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்
நொம்பூமெலெலோ டீச்சர்.
இந்த வருஷம் என்ன செய்தாய் என்று, ஸூலுவில்.
ஜனவரி இரண்டாம் செவ்வாய்க்குள்.
இன்று டிசம்பர் முப்பத்தொன்று,
டர்பன் முழுக்க மழைக்கு முந்தைய புழுக்கம்.
நாலு வாக்கியம் ஆகியிருக்கிறது,
அதில் இரண்டு வானிலை.

முதலில் தமிழில் கொட்டிப் பார்க்கிறேன்.
பிறகு பொறுக்கிக்கொள்ளலாம்.

வேலை என்றால், கணினி ஒரு தாளை நீட்டுகிறது:
ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பதினேழு நெஞ்சுக்கூடு.
முகம் ஒன்றுகூட நினைவில்லை.
தோளைத் தொட்டு முன்னால் நகர்த்தும்போது
உள்ளங்கையில் ஒட்டிய வியர்வை நினைவிருக்கிறது,
ஜூலையிலும்.

செப்டம்பரில் பால்கனியில் புடல் போட்டேன்.
காய் முழ நீளம் வந்த அன்று குரங்குகளும் வந்தன.
ஒரு குட்டி, காயைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு
கம்பியில் உட்கார்ந்து பார்த்தது,
நான் அதன் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி.

நாற்பத்திரண்டு வயதில் நீச்சல் வேறு.
கடலோரக் குளத்தில், ஆறு வயதுப் பிள்ளைகளோடு,
ஒரே வரிசையில், விளிம்பைப் பிடித்துக்கொண்டு.
க்ளைவ் மாஸ்டர் பிள்ளைகளுக்கு நூறு சொன்னார்.
எனக்கு ஒன்றே ஒன்று:
தண்ணிக்குள்ளேயே மூச்சை விடு.
நான் விடவில்லை. பிடித்தே வைத்திருந்தேன்.

செவ்வாய்தோறும் படிப்பு.
உச்சுக்கொட்டுவதை இங்கே எழுத்தாகவே வைத்திருக்கிறார்கள்.
தூத்துக்குடியில் துட்டிவீட்டுக்கும்
பொங்கி வழிந்த பாலுக்கும் போட்ட அதே ஓசை
இங்கே தோட்டுக்குள் இருக்கிறது.
காதில் கிடப்பதைக் கழற்றுங்க என்று சொல்ல
இரண்டு முறை இரங்க வேண்டும்.
குதிரையை முடுக்க வண்டிக்காரன் கன்னத்துக்குள் சொடுக்குவானே,
அது மன்னிப்பில்.
சோடா மூடி தெறிக்கிற சத்தம் உண்மையில்.
மார்ச் முழுக்கக் குளியலறைக் கண்ணாடி முன்னால் பழகினேன்.
பல்லி பதில் சொன்னது. டீச்சர் தலையசைக்கவில்லை.

ஒன்று மட்டும் முதல் நாளே வந்தது.
டோன்ஸா உமோயா.
காற்றை இழு.
நாமும் இழுக்கத்தானே செய்கிறோம்,
கிணற்றில் தண்ணீர் மாதிரி?
அடுத்தது பம்பா: பிடி. அதுவும் நம்முடையதுதான்.
பிரேனிதா நாயக்கர் கேட்டாள், எப்படி உடனே பிடித்தாய் என்று.
பிடித்தது நானில்லை என்று சொல்ல
அவளுக்குத் தமிழ் போதாது.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை.
தோகோஸானி என்று பெயர், மினிபஸ்ஸில் காசு வாங்குகிற பையன்.
இழு என்றேன். பிடி என்றேன்.
திரை உறைந்துபோனது.
எலியை ஆட்டினேன், வயரைப் பிடுங்கிச் செருகினேன்,
பிரேனிதாவைக் கூப்பிட்டேன்,
கம்பெனிக்காரனைத் திட்டினேன், தமிழில்.
திரும்பினால்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் இன்னும் நிற்கிறான்,
கன்னம் உப்பி, கண் பிதுங்கி,
நான் சொன்னதைக் காப்பாற்றிக்கொண்டு.

விடு! என்று கத்தினேன்.
ஸூலு வரவில்லை, இங்கிலீஷ் வரவில்லை.
அவன் விட்டான்.
இருமி, சிரித்து, சுவரைப் பிடித்து, மறுபடி சிரித்து.
நான் ஓடிப்போய் உக்ஸோலோ என்றேன்.
சொன்ன பிறகுதான் கேட்டது,
கன்னத்துக்குள் அது சரியாகச் சொடுக்கியது.
தேர்வில் எனக்கு அறுபத்தொன்று.
அந்த ஒரு சொல்லுக்கு அன்று மார்க் போட
யாரும் இல்லை.

மறுநாள் குளத்தில் முகத்தை முக்கி
கொஞ்சம் குமிழி விட்டேன்.
நாலு அடி போனேன். ஐந்தாவதில் குடித்தேன்.

சரி, எண்ணிப் பார்த்தால் ஒன்பது தேறும்.
குரங்கை இரண்டாகப் பிரித்தால் ஒன்பது.
பத்தாவதை அடுத்த வருஷத்தைப் பற்றி எழுதலாம் என்றால்
எதிர்காலம் இன்னும் நடத்தவில்லை.
அந்தப் பாடம் ஜனவரியில்தான்.