முழுக்கை

சித்திரை வெயிலில் முழுக்கைச் சுடிதார் போடுகிற அதிகாரி
திருத்துறைப்பூண்டியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.
குளிருதா மேடம் என்பார் கேஷியர் நஜ்முதீன்.
வெயில் ஒத்துக்காது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.
ஏ.சி. படுத்த வாரம்
அந்தப் பொய் முதுகு வழியே சொட்டியது.

வங்கிக்கு இரண்டாம் சனி, நான்காம் சனி விடுமுறை.
ஏழு சனிக்கிழமை, விடியலில் தஞ்சாவூர்ப் பேருந்து.
மெடிக்கல் காலேஜ் சாலையில் செல்போன் கடைக்கு மேல்மாடி,
ஜெரோம், அவன் ஊசி, ஒரு சின்ன மின்விசிறி.
புலியும் சிவனும் பிரிந்துபோன காதலிகளின் பேரும்
போட்டுப் பழகிய கை அவனுடையது.
நான் நீட்டிய தாளைத் தலைகீழாகவும் பார்த்தான்.
என்னக்கா இது, புல்லா?
கோரை.
இது குதிரைவாலி, இது ஆராக்கீரை,
முழங்கைக்குக் கீழே வருவது நீர்மேல்நெருப்பு.
நிறம் பார்க்கப் போனில் தேடினான்.
முதலில் வந்தது களைக்கொல்லி விளம்பரம்.

ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும்
கல்லூரியில் செடி சேகரித்து ஒட்டிய நோட்டைத்தான் சொல்லியிருப்பேன்.
அழிக்கும் வழி படிக்கத்தான் அந்தப் பாடம்.
ஆனால் வேர் அறுந்து வந்தால் மதிப்பெண் கிடையாது.
சேற்றில் உட்கார்ந்து, விரலால் தோண்டி,
மணிமணியாய்க் கிழங்கோடு
ஒரு கோரையை முழுசாய் எடுத்த அந்த மத்தியானம்
வேறு எதற்கும் எனக்கு அவ்வளவு பொறுமை வந்ததில்லை.

முதல் ஊசிக்கு முந்தின இரவு
நடத்தை விதிகளைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன்.
வட்டிக்கு விடக் கூடாது. கட்சியில் சேரக் கூடாது.
வாடிக்கையாளரிடம் பரிசு வாங்கக் கூடாது.
புல்லைப் பற்றி ஒரு வரி இல்லை.
இருந்தும்
கிழங்கைத் தோளில் புதைத்தேன்,
இலை நுனிகளை மணிக்கட்டுக்கு இரண்டு விரல் முன்னால் நிறுத்தச் சொன்னேன்.
அரியர் பணம் அப்படியே போனது.

கார்த்திகையில் பெருகவாழ்ந்தானுக்கு வயல் பார்க்கப் போனேன்.
கடைமடை. மேட்டூர்த் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும்.
கோரை முறைக்கெல்லாம் காத்திருப்பதில்லை.
உத்திராபதியின் வரப்பு வழுக்கி
இடது கை தோள்வரை சேற்றில் போனது.
மோட்டார்க் குழாயடியில் ஸ்லீவைச் சுருட்டிக் கழுவினேன்,
யோசிக்காமல்.
இன்னும் ஒட்டிக்கிட்டிருக்குங்க மேடம், கோரை, என்றார்.
அது போகாதுங்க.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.
பத்திரம் படிக்கிற மாதிரி மேலிருந்து கீழே வந்தார்,
ஒவ்வொன்றாய்ப் பேர் சொல்லி.
நீர்மேல்நெருப்புக்கு மட்டும் தலையாட்டினார்.
குதிரைவாலியில் நின்றார்.
இதுக்கு அடித்தண்டு சிவந்து இருக்கணும்.
பச்சையா விட்டா நெல்லுன்னு நெனச்சுப் போயிடுவாங்க.
பிறகு ரொம்ப நேரம் தண்ணீரையே பார்த்துவிட்டு,
லிட்டர் ஆயிரத்தி எறநூறு குடுத்து நான் அடிக்கிறேன்,
நீங்க காசு குடுத்து வச்சிருக்கீங்க.

அடுத்த புதன், கடன் புதுப்பிக்க வந்தார்.
மேனேஜர் என் மேசையோரம்தான் நின்றுகொண்டிருந்தார்.
ஏழு இடத்தில் கைநாட்டு.
ஒவ்வொன்றுக்கும் பெருவிரலை மையில் நானே அழுத்தினேன்,
என் ஸ்லீவ் நுனி அவர் கையில் உரச உரச.
எப்படியிருக்கு பயிர், என்றார் மேனேஜர்.
பயிர் சுமாருங்க.
களைதான் இந்த வருசம் நல்லாப் பிடிச்சிருக்கு,
என்று விரல் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு
என்னைப் பார்க்காமலே எழுந்து போனார்.

வரும் இரண்டாம் சனிக்கு
ஜெரோமிடம் நேரம் கேட்டிருக்கிறேன்.
எவ்வளவுக்கா வேலை, என்றான்.
அரை விரல் நீளம்தான்.
சிவப்பு.