முறுக்கு தனியா, சட்னி தனியா

பிளாஸ்க், கோரைப் பாய், கைப்பிடி கழண்ட பக்கெட்.
கேக்கவே வேணாம், ஸ்டான்லிதான்.
சென்ட்ரல் வாசல்ல இந்த மூணையும் தூக்கிக்கினு நிக்கிறவங்க
வேற எங்கயும் போயி நான் பார்த்ததில்ல.
யாரு, அம்மாவா?
சரி, சொல்ல வேணாம்.

ஏறாத. என் வண்டில ஏறாதன்னு நானே சொல்றேன்.
ஒரு ஆள்தான் பாக்கின்னு நாங்க கூவறது எப்பவும் பொய்.
வண்டி ரொம்பறதுக்குள்ள
டாக்டர் ரவுண்ட்ஸ் முடிச்சிருப்பாரு.
கீழ எறங்கு, மெட்ரோ.
மூணாவது ஸ்டேஷன் வண்ணாரப்பேட்டை.
அதுக்கு முன்னாடி மண்ணடில பாதி ரயில் எறங்கும்,
கூட்டத்தோட நீயும் எறங்கிடாத.

பஸ்ஸுன்னா இன்னொரு கதை.
போர்டுல வள்ளலார் நகர்னு இருக்கும்,
கண்டக்டர்கிட்ட மிண்ட்டுன்னு சொல்லு,
கடை பில்லுல தங்கசாலைன்னு போடுவாங்க.
மூணும் ஒண்ணுதான்.
தெரியாம ஒரு போடிநாயக்கனூர்க்காரர்
மிண்ட்டுல நின்னுக்கினே மிண்ட்டுக்கு வழி கேட்டாரு.
பிங்க் பஸ்ல உனக்குக் காசு இல்ல,
டிக்கெட்டை மட்டும் கேட்டு வாங்கிக்க.
மழைன்னா கணேசபுரம் சப்வே பக்கம்
தலை வெச்சுக்கூடப் படுக்காத,
என் எஞ்சினே அங்க ரெண்டு வாட்டி தண்ணி குடிச்சிருக்கு.

சாப்பாடா?
கேன்டீன்ல இட்லி. எதிர்ல டீக்கடை பன்னு.
மூணாம் நாளு ரெண்டும் ஒரே ருசியாயிடும்.
அப்போ நட.
மிண்ட் ஸ்டாண்டுலேர்ந்து தெக்கால,
நோட்டு மண்டி, எவர்சில்வர், கல்யாணப் பத்திரிகைக் கடை,
மாடு படுத்திருந்தா நீ சுத்திப் போ.
ஒரு மாடிப்படிக்கு அடியில ஜுகராஜ் வண்டி.
கணக்கு மார்வாடில போடுவான்,
திட்டறது சுத்தமான வண்ணாரப்பேட்டைத் தமிழு.
முறுக்கு சாண்ட்விச் ஒண்ணுன்னு சொல்லு.
பிரெட்டே கிடையாது.
கீழ ஒரு முறுக்கு, மேல ஒரு முறுக்கு,
நடுவுல வெள்ளரி, தக்காளி, வெங்காயம்,
பச்சை சட்னி, ஒரு விரல் வெண்ணெய்.
சீஸ் வேணாம்னுடு, அது காசுக்குக் கேடு.
நின்னுக்கினே தின்னு.
பார்சல் கேட்டா தலையை ஆட்டுவான்:
"அஞ்சு நிமிசம்தாம்மா. அப்புறம் நமுத்துடும்."

நான் கேட்டேன்.
ஆர்பர்ல சங்கிலி அறுந்து
எங்க வூட்டுக்காரர் எலும்பு வார்டுல நாப்பத்தோரு நாள்.
கஞ்சியைத் தள்ளி வெச்சுட்டு ஒரு சாயந்திரம்,
"பல்லுக்கு வேலை குடுக்கற மாதிரி
ஏதாச்சும் கொண்டா பியூலா"ன்னாரு.
ஜுகராஜ் என் கையிலிருந்த பாஸைப் பார்த்தான்.
முறுக்கு ஒரு கவர்,
காய் ஒரு கவர்,
சட்னியை நூல் சுத்தி ஒரு கவர்.
"அங்க போயி நீயே அடுக்கிக்க."

ஸ்டூல் மேல பேப்பர் விரிச்சு அடுக்கினேன்.
லைட்டு அணைச்ச வார்டு.
அவரு கடிச்சாரு பாரு,
முப்பது கட்டிலும் முழிச்சிக்கிச்சு.
நர்ஸம்மா ஓடியாந்தாங்க, "யாருக்கு என்ன உடைஞ்சுது?"
எலும்பு வார்டுல வரக்கூடாத சத்தம் இல்லியா அது.
பக்கத்துக் கட்டில் பெரம்பூர் ஆல்வின்
மாவுக்கட்டுக் காலைத் தொங்கவுட்டபடியே
"இன்னொரு பாதி இருக்கா"ன்னாரு.
நர்ஸம்மா திட்டினாங்க.
ஒரு துண்டு வாயில போட்டுக்கினுதான்
மீதியைத் திட்டினாங்க.

இப்போவா? நடக்கறாரு, குச்சியோட.
கிளட்ச் மிதிக்க வராது,
அதான் வண்டி என் கையில.

போ, போ. படியில பக்கெட் உருளாம பாத்துக்க.
விசிட்டர் பாஸை மடிக்காத,
மடிச்சதை வாட்ச்மேன் ஒத்துக்க மாட்டாரு.
ஜுகராஜ்கிட்ட கவர் மூணுன்னு மட்டும் சொல்லு,
ஏன்னு கேக்க மாட்டான்.

டோல்கேட், டோல்கேட், தண்டையார்பேட்டை...
ஒரு ஆளு! ஒரே ஒரு ஆளு!