இரண்டைக் கழித்து

வால்டிவியாவில் ஜூலை என்றால் மழை.
ரொட்டிக்கடைக்கு மேலே மாடி, குறுகலான படி.
சொட்டும் குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.
ஈவோன் ஹாவர்பெக் நிமிரவில்லை.
முப்பது வயதிருக்கும். ஒரு காதில் இயர்போன்,
அதிலிருந்து கால்பந்து வர்ணனை கசிந்தது.
"என்ன செய்கிறது?" என்றாள்,
டாக்டர் கேட்பதுபோல் அல்ல,
பஸ் கண்டக்டர் "எங்கே?" என்பதுபோல்.

மேல் பொத்தானை அழுத்தினால் ஓடுகிறது, என்றேன்.
மறுபடி அழுத்தினால் நிற்கிறது.
கீழ்ப் பொத்தானை அழுத்தினால்
பூஜ்யத்துக்குத் திரும்பவேண்டிய முள்
இரண்டு கோடு தள்ளி நிற்கிறது.

"எவ்வளவு நாளாக?"
மூன்று வருடமாக.
சீட்டில் எழுதிக்கொண்டாள்.
"இவ்வளவு நாள் எப்படிச் சமாளித்தீர்கள்?"
இரண்டைக் கழித்துக்கொள்வேன்.
அதை அவள் எழுதவில்லை.

பின்மூடியைத் திருகிக் கழற்றினாள்.
உள்ளே எண்ணெய் காய்ந்து
மீன் பொரித்த சட்டியின் ஓரம்போலப்
பழுப்பேறிக் கிடந்தது.
லென்ஸை என் கண்ணுக்குத் தந்து
ஊசிமுனையால் காட்டினாள்: இது இதயம்.
(பெயரே அதுதான், நான் வைத்ததல்ல.)
பொத்தானை அழுத்தினால் ஒரு சுத்தி வந்து
அதன் விலாவில் அடிக்கும்.
எந்த இடத்தில் நின்றிருந்தாலும்
அடிபட்டதும் சுழன்று
தொடங்கிய இடத்துக்கு வந்துவிடும்.

"இதயம் நன்றாகத்தான் இருக்கிறது," என்றாள்.
"முள்தான் தண்டில் தளர்ந்துவிட்டது.
ஒவ்வோர் அடிக்கும் வழுக்குகிறது."
என் முன்னாலேயே பத்துமுறை அழுத்தி
வாய்விட்டுப் படித்தாள்:
இரண்டு. இரண்டு. மூன்று. இரண்டு. நாலு.
அதற்குப் பிறகு சொன்னது என் காதில் ஏறவில்லை.

நாலு.

போன அக்டோபர், காயே-காயே ஆறு,
மாகாணத் தேர்வு, இரண்டாயிரம் மீட்டர், ஒற்றைப் படகு.
யானிரா கோலிபான் ஒன்றேகால் விநாடியில் தோற்றாள்.
கிளப் பலகையில் என் கையெழுத்தில் இருக்கிறது.
அன்றும் இரண்டைத்தான் கழித்தேன்.
கண்ணாடி முழுக்க மழைத்துளி.
அவள் புறப்படுமுன் முள் எங்கே நின்றதென்று
நான் பார்க்கவில்லை. பார்த்ததாக
இத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறு வாரம். ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேசோ.
பிரித்து, கழுவி, எண்ணெயிட்டு,
புது வளையம் வைத்து, முள்ளை இறுக்கி.
சீட்டில் எல்லாம் வரிசையாக இருந்தது.
படியில் நின்றே அழுத்திப் பார்த்தேன்.
பூஜ்யம்.
மறுபடி. பூஜ்யம்.
சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

ஆற்றோர மீன் சந்தையில்
நீர்நாய்களைவிடப் பெரிய கடல்சிங்கங்கள்
தலைகளுக்காகக் குரைத்துக்கொண்டிருந்தன.
யானிரா ரப்பர் ஏப்ரனில், கத்தியோடு.
சொல்லிவிட்டேன், முன்னுரை ஏதுமில்லாமல்,
சுத்தி, இதயம், நாலு எல்லாவற்றையும்.
கத்தி நிற்கவில்லை.

"தெரியும்," என்றாள்.
"துடுப்பை எண்ணிக்கொண்டுதான் வந்தேன்.
அன்று என் எண்ணிக்கை தப்பவில்லை."
ஏன் அப்போதே சொல்லவில்லை?
"கடிகாரம் உங்கள் கையில் இருந்தது."

பிறகு ஈரக்கையை நீட்டினாள்.
கழற்றிக் கொடுத்தேன்.
ஓடவிட்டாள், நிறுத்தினாள், திருப்பினாள்,
உற்றுப் பார்த்தாள்.
திரும்பி வந்தபோது கண்ணாடியில்
ஒரு செதில் ஒட்டியிருந்தது.
ஐம்பது மீட்டர் ஆழத்துக்கு உத்தரவாதம் உண்டு,
செதிலைப் பற்றி ஒன்றுமில்லை.

பலகையைத் திருத்தி எழுதுகிறேன் என்றேன்.
"எழுதுங்கள்," என்றாள்,
அந்தப் படகு அணி ஏப்ரலிலேயே
போட்டிக்குப் போய்த் திரும்பிவிட்டது
என்பதை இருவரும் சொல்லவில்லை.
பின்னால் வரிசை நீண்டது.
சும்மா நிற்கக் கூடாதே என்று
ஒரு கிலோ சியர்ரா கேட்டேன்.

தராசின் வெறும் தட்டைத் துடைத்தாள்.
முள் அசைந்து அடங்கும்வரை காத்திருந்து
என் பக்கம் திருப்பிப்
பூஜ்யத்தைக் காட்டினாள்.
நான் தலையாட்டிய பிறகுதான்
மீனை வைத்தாள்.